கடைசித் தொட்டியில் வெள்ளை

பச்சை போய்விட்டது என்று என்ஜின் அண்ணன் போனில் சொன்னபோது, மெழுகக்கா முன்பின் பார்த்திராத ஒரு கிழவருக்குக் கடைவாய்ப் பல் நட்டுக்கொண்டிருந்தாள். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, கையிலிருந்த கத்தியின் சூடு ஆறுவதற்குள் அந்தப் பல்லை நிமிர்த்தி நிறுத்திவிட்டு, "எப்போ?" என்று மட்டும் கேட்டாள்.

சாவு வீட்டுச் செய்தி சொல்வது போலத்தான் அவர் சொன்னார். மேலே இலையெல்லாம் நன்றாகவே இருந்ததாம். தொட்டியை நகர்த்தும்போது செடி கையோடு வந்துவிட்டது. கிழங்கின் அடிப்பாகம் பூராவும் கூழ். மகள் வீட்டுக்குக் குடிபோகிற அலைச்சலில் ஒரு வாரம் மாடிப்பக்கமே போகவில்லை, அந்த வாரம் பார்த்து விடாத மழை.

"பக்கத்துல ஒரு குட்டிக் கிழங்கு கூட விடாம போயிட்டா, சண்டாளி," என்றார். "போன மாசம் பூத்தப்ப மகரந்தம் எடுத்து வெச்சேன். அது ஒண்ணுதான் மிச்சம். வந்து வாங்கிக்கம்மா."

என்ஜின் அண்ணன் சரக்கு ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். கிழங்குப் பூப் பைத்தியத்தில் அவளுக்கு இருந்த ஒரே கூட்டாளி. இருவருக்கும் அமரில்லிஸ் என்றால் உயிர். பெரிய வெங்காயம் மாதிரி கிழங்கு, வார் மாதிரி இலை, வெறுந்தண்டின் உச்சியில் குழாய் ஒலிபெருக்கி மாதிரி விரிந்த பூ. சிவப்பும் கோடு போட்டதும் எந்த நர்சரியிலும் கிடைக்கும். ஒன்றின் மகரந்தத்தை எடுத்து இன்னொன்றில் தடவி, விதை பிடிக்கவைத்து, முளைக்கவிட்டு, நாலு வருடம் தண்ணீர் ஊற்றி, கடைசியில் வேறு யாரிடமும் இல்லாத ஒரு பூவைப் பார்ப்பதற்காகக் காத்துக் கிடப்பவர்கள்தான் குறைவு. "நாலு வருஷத்துல பெத்த பிள்ளையே ஸ்கூலுக்குப் போயிடும்," என்பாள் மெழுகக்காவின் தங்கை.

அண்ணனிடம் இருந்த பச்சை, விரியாத வாழைக் குருத்தின் உட்பக்க நிறம். அதில் ஒரு பொட்டுச் சிவப்பு கிடையாது, மணமும் கிடையாது. மெழுகக்காவிடம் இருந்த வெள்ளைக்கு மணம் இருந்தது. சாயங்காலம் ஒரு பூ விரிந்திருந்தால் படியின் பாதியிலேயே தெரிந்துவிடும். அந்த மணத்தோடு ஒரு பச்சைப் பூ. அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான். ஆசைப்பட்டு வெகு காலமாகிவிட்டது. ஒரு தடவை பச்சை பூத்த வருடம் வெள்ளை பூக்காமல் முறுக்கிக்கொண்டது. அடுத்த தடவை வீட்டு பிரிட்ஜ் கெட்டுப்போய், பத்திரப்படுத்திய மகரந்தம் பூஞ்சை பிடித்தது. இப்போது தகப்பனே போய்ச் சேர்ந்தாயிற்று. மிச்சம் ஒரு பொட்டலம் மஞ்சள் தூள்.

மறுநாளே போய் வாங்கிவந்து, ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட மாத்திரை டப்பாவுக்குள் வைத்து, பிரிட்ஜில் முட்டை வைக்கும் தட்டில் செருகினாள். "முட்டை வெக்கத்தான் இடமில்ல, பரவால்ல," என்றாள் தங்கை.

மெழுகக்கா என்ற பெயர் லேபில் வேலை பார்க்கும் சின்னப் பெண்கள் வைத்தது. பல்செட் செய்யும் லேப் அது. டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி வார்ப்பு எடுப்பார்கள். அதன்மேல் இளஞ்சிவப்பு மெழுகால் ஈறு கட்டி, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சிய கத்தியால் ஒவ்வொரு பல்லாக நடுவது அவள் வேலை. கல்யாணப் பேச்சு தள்ளிப் போய், பிறகு யாரும் எடுக்காமலே விட்டுப்போன வயதிலிருந்து அதே மேஜை, அதே விளக்கு. யார் யாருடைய சிரிப்போ அவள் முன்னால் வரிசையாகக் காய்ந்துகொண்டிருக்கும். வீட்டுக்கு வந்து சேரும்போது அவளுக்குச் சிரிக்கத் தெம்பு இருக்காது. கண் எரியும், கழுத்து பிடித்திருக்கும், கணுக்கால் இரண்டும் வீங்கியிருக்கும். ஆனாலும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நேரே மாடிக்குத்தான் போவாள்.

அந்த வீட்டுக்குத் தங்கையும் அவள் புருஷனும் வந்து சேர்ந்து ஆறேழு மாதமாகிறது. மாப்பிள்ளை பஸ் கண்டக்டராக இருந்தவர். ஓடும் வண்டியில் வருடக்கணக்கில் நின்றதில் இரண்டு கால் நரம்பும் முடிச்சு முடிச்சாகப் புடைத்துக்கொண்டு, இனி நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முழங்கால் வரை துணிப்பட்டை சுற்றிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தவர்தான். பஸ்ஸில் கடைசி வரிசை வரை கேட்ட குரல் வீட்டில் அடுத்த அறைக்குக் கேட்காது. தங்கை மருந்துக் கடையில் பில் போடுகிறாள். அவள் வாய்க்குப் பூட்டு கிடையாது.

"நின்னு சம்பாதிச்ச மனுஷன் உக்காந்துட்டாரு. உக்காந்து தின்ன நான் நிக்கறேன்," என்று அவர் காதுபடவே சொல்வாள். அவர் டிவி சத்தத்தை ஒரு புள்ளி கூட்டுவார். அதுதான் அவருடைய பதில்.

மெழுகக்கா அவரை ஒரு சொல் சொன்னதில்லை. தங்கை புருஷன், அதுவும் தன் வீட்டில் வந்து இருப்பவர். தட்டில் ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தால் கூச்சப்படுகிற மனிதரிடம் என்னத்தைச் சொல்வது? "சாப்பிட்டீங்களா மாப்ள", "ஆச்சு அண்ணி". அநேக நாள் பேச்சு இதோடு முடிந்துவிடும்.

வெள்ளையின் மொட்டு வெடிக்கிற நாள் லேபில் பெரிய வேலை விழுந்த வாரத்தில் வந்தது. ஒரு முதியோர் இல்லத்துக்கு மொத்தமாகப் பல்செட், மறுநாள் காலையில் கொடுத்தாக வேண்டும். அவள் விடியலிலேயே மாடிக்குப் போய், பாதி விரிந்த பூவின் இதழை விலக்கி, மகரந்தப் பைகள் ஆறையும் அவை வெடிக்குமுன் இடுக்கியால் கிள்ளி எடுத்துவிட்டாள். அதைச் செய்யாவிட்டால் பூ தன் தூளைத் தானே வாங்கிக்கொள்ளும், நாலு வருடம் கழித்து அதே பழைய வெள்ளைதான் வரும். பூவின் நடுவிலிருந்து நீண்ட சூல்தண்டின் நுனி இன்னும் மூடியிருந்தது. மதியத்துக்கு மேல் மூன்றாகப் பிரிந்து ஈரம் கசியும். அப்போது தடவ வேண்டும். நாலு மணிக்குள் வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

மூன்று மணிக்கு முதலாளி வந்து, வேலை முடியாமல் யாரும் எழுந்திருக்க வேண்டாம் என்றார். ஜன்னலுக்கு வெளியே வானம் ஒரு பக்கமாகக் கறுத்துக்கொண்டு வந்தது. மழை அடித்தால் அந்தப் பூ நாளைக்கு இருக்காது. மெழுகக்கா தங்கைக்குப் போன் போட்டாள், கடையில் கூட்டம், எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் வீட்டுக்குப் போட்டாள்.

மாப்பிள்ளை எடுத்தார். மாடி ஏற முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அதுக்கென்ன அண்ணி" என்றார். பிறகு அவள் சொன்னதை எல்லாம், ஸ்டாப்பிங் பெயரைத் திருப்பிச் சொல்லுகிற மாதிரி, ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார். முட்டைத் தட்டு. மாத்திரை டப்பா. உள்ளே பொட்டலம். மாடிக் கதவுக்குப் பின்னால் டம்ளரில் பெயின்ட் அடிக்கிற சின்ன பிரஷ். கடைசித் தொட்டியில் வெள்ளை. நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சியின் நுனி மூன்றாகப் பிரிந்திருக்கும், அதில் பட்டும் படாமல் தடவ வேண்டும். மழை வருமுன் ஒரு பாலித்தீன் பையைக் கவிழ்த்துவிட வேண்டும்.

"அவ்ளோதானே? நான் பாத்துக்கறேன். நீங்க பல்லைப் பாருங்க," என்றார். ஏழு மாதத்தில் அவர் சொன்ன முதல் வேடிக்கை. மெழுகக்காவுக்கு அந்தக் களைப்பிலும் உதடு அசைந்தது. போனை வைத்துவிட்டு வேலையைப் பார்த்தாள்.

எல்லாவற்றையும் சொன்னவள், வெள்ளைக்கு மட்டும் என்று சொல்லவில்லை. கிழங்குப் பூ வைத்திருக்கிற யாருக்கும் அதைச் சொல்ல வேண்டியிருக்காது.

அவள் வீடு திரும்பியபோது மழை பெய்து ஓய்ந்திருந்தது, வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. மாப்பிள்ளை வாசலிலேயே நின்றிருந்தார். உட்கார்ந்திருக்கவில்லை, நின்றிருந்தார்.

"எல்லாருக்கும் போட்டாச்சு அண்ணி. ஒருத்தர் பாக்கி இல்ல."

"எல்லாருக்கும்னா?"

"முன்னாடி இருந்து பின்னாடி வரைக்கும். வரிசையா." கையால் பஸ்ஸின் நீளத்தைக் காட்டினார். "ஒருத்தருக்கு மட்டும் போட்டுட்டு மத்தவங்களை விட்டா நல்லாவா இருக்கும்? பொட்டலம் கடைசி வரைக்கும் சரியா வந்துச்சு."

அவள் மாடிக்குப் போனாள். கைப்பிடிச் சுவரை ஒட்டி வரிசையாகத் தொட்டிகள். அந்த வாரம் பூத்திருந்த சிவப்பு, செங்கல் நிறம், கோடு போட்டது என ஒவ்வொன்றின் தலையிலும் பாலித்தீன் பை. பை கவிழ்த்து நூலால் கட்டியிருந்த நேர்த்தியில் ஒரு குறை சொல்ல முடியாது. டம்ளரில் பிரஷ் நின்றது. கண்ணில் செருகும் பூதக்கண்ணாடி எப்போதும் அவள் கைப்பையில் இருக்கும். எடுத்து வெள்ளையின் சூல்நுனியைப் பார்த்தாள். மூன்று கிளையிலும் அப்பியிருந்தது மஞ்சள். யாருடைய மஞ்சள்? வரிசையாகச் சிவப்புகளின் வயிற்றுக்குள் எல்லாம் போய்ப் புரண்டுவிட்டு வந்த அதே பிரஷ் கடைசியாக வெள்ளைக்கு வந்திருக்கிறது. பச்சையின் தூள் முதல் தொட்டியிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கித் தீர்ந்திருக்கிறது. கடைசித் தொட்டிக்கு வந்து சேர்ந்தது எவ்வளவு, வந்ததா என்பதே தெரியாது.

பொட்டலத்துக் காகிதத்தை அவர் நாலாக மடித்து டம்ளருக்கு அடியில் வைத்திருந்தார். பிரித்துப் பார்த்தாள். வழித்தெடுத்தது போலச் சுத்தமாக இருந்தது.

படியில் மூச்சு வாங்கிக்கொண்டு அவர் ஏறி வருவது கேட்டது. "சரியா பண்ணியிருக்கேனா அண்ணி?"

மெழுகக்காவுக்குச் சொல்ல வேண்டியது தொண்டை வரை வந்தது. சொன்னால் அதை விளக்க வேண்டும். விளக்கினால் அவர் முகம் மாறும். முகம் மாறினால் தங்கை என்னவென்று கேட்பாள், கேட்டால் அந்த இரவு முழுக்க அந்த வீட்டில் அதுதான் ஓடும். காலையில் மறுபடி லேபுக்குப் போக வேண்டும். நினைக்கும்போதே அலுப்பாக இருந்தது.

"சரிதான் மாப்ள," என்றாள். "கால் வலிக்கப் போவுது. இறங்குங்க."

பூக்கள் வாடின. வாடிய பூவுக்குக் கீழே ஒவ்வொரு தண்டிலும் பச்சை முடிச்சுகள் பருக்க ஆரம்பித்தன. வெள்ளையிலும் ஒன்று பருத்தது. மாப்பிள்ளை காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை மாடி ஏறினார். இறங்கி வந்து, எது எவ்வளவு பெருத்திருக்கிறது என்று தங்கையிடம் சொன்னார். டிவி பல நாள் அணைந்தே கிடந்தது. "இவரு பிரசவ வார்டு டூட்டி பாக்கறாரு," என்றாள் தங்கை, ஆனால் அந்தக் குரலில் பழைய முள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மெழுகக்கா என்ஜின் அண்ணனைப் பார்க்கப் போனாள். மகள் வீடு ஒன்பதாவது மாடி. பால்கனிக்குக் கண்ணாடி போட்டு அடைத்திருந்தார்கள். அதில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் அவரும் இருந்தார்கள். ஒரு தொட்டி கூட இல்லை. நடந்ததைச் சொன்னாள். அவர் சிரித்தார், சிரித்து இருமினார், இருமி முடித்ததும் முகத்தில் சிரிப்பு மிச்சமில்லை.

"காயை எல்லாம் கிள்ளிப் போட்டுடு," என்றார். "அப்பன் யாருன்னு தெரியாத விதைக்கு நாலு வருஷம் தண்ணி ஊத்துவியா? உனக்கு என்ன வயசு? எனக்கு என்ன வயசு? காய் நின்னா கிழங்குதான் இளைக்கும். அம்மாவையாவது காப்பாத்து."

அவர் சொன்னதுதான் முறை. கலப்புச் செய்கிறவன் பாதி நேரம் செய்வது தூக்கி எறிகிற வேலைதான். அவளும் எத்தனையோ எறிந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

காய் கனத்துத் தண்டுகள் சாயாமலிருக்க மாப்பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஒரு குச்சி நட்டிருந்தார். குச்சியையும் தண்டையும் சேர்த்துப் பழுப்புத் துணியால் கட்டியிருந்தார். அது என்ன துணி என்று அவளுக்கு உடனே பிடிபடவில்லை. தொட்டுப் பார்த்தாள். இழுத்தால் நீளும் துணி, விட்டால் சுருங்கும். காலில் சுற்றுகிற பட்டை. ஒன்றை நறுக்கித் துண்டு துண்டாக்கி, தண்டு அறுபடாமல், இறுக்காமல், நர்ஸ் கட்டுவது போலக் கட்டியிருந்தார்.

கொஞ்ச நேரம் கத்தரிக்கோலோடு நின்றாள். இரக்கம் என்று சொல்லிவிட முடியாது. தூக்கிப் போடுவதற்கும் ஒரு தெம்பு வேண்டும், அன்றைக்கு அவளிடம் அது இல்லை. கீழே இறங்கி, கத்தரிக்கோலை ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்தாள். அப்புறம் அந்தப் பேச்சை அவள் தனக்குள்ளும் எடுக்கவில்லை.

காய்கள் மஞ்சளித்து மூன்று பக்கமும் வெடித்தன. உள்ளே கரிந்த காகிதத் துணுக்கை அடுக்கிவைத்தது போல விதைகள். மற்றவற்றின் விதைகளை மாப்பிள்ளை தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். வெள்ளையின் விதையை மட்டும், வந்தது வரட்டும் என்று, பழைய பிளாஸ்டிக் தட்டுகளில் தண்ணீர் ஊற்றி மிதக்கவிட்டாள் மெழுகக்கா. தண்ணீர் மாற்றுவது மாப்பிள்ளையின் வேலையாயிற்று. விதைகள் வேர் விட்டன, புல்போல ஒரு இலை விட்டன. மண் தட்டுக்கு மாற்றினார்கள். இரண்டாவது இலை வந்தது.

அப்போதுதான் அவள் அதைக் கவனித்தாள். விடுமுறை நாள் காலை, கண் எரிச்சல் இல்லாத அபூர்வமான ஒரு காலை. தட்டு நிறைய நாற்று. அநேகமாக எல்லாவற்றிலும் இலை மண்ணைத் தொடும் இடத்தில் மங்கலாக ஒரு சிவப்பு, கழுவாமல் விட்ட கறை போல. சிவப்பு ரத்தம் கலந்த நாற்று அடியில் அதைக் காட்டிவிடும். ஆனால் ஓரத்தில் ஒன்று அடிவரைக்கும் பச்சை. வெள்ளைக்கு வெள்ளையே தகப்பனாக வழியில்லை, பைகளை அவளே கிள்ளியெடுத்திருந்தாள். மற்ற தொட்டிகளில் பூத்திருந்ததெல்லாம் சிவப்பு வகை. சிவப்பு இல்லாத தகப்பன் அந்தப் பொட்டலம் ஒன்றுதான்.

பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். வெள்ளையிலேயே பதினாறு வெள்ளையைப் பிரித்துப் பல்லுக்கு நிறம் பொருத்துகிற கண் அவளுடையது. ஒவ்வொரு நாற்றின் அடியிலும் மண்ணை ஊசியால் விலக்கிப் பார்த்தாள். பச்சை ஒன்று. இன்னொன்று. எண்ணினால் இரண்டு கைவிரலுக்குள் அடங்கிவிடும். ஆனாலும் வந்திருந்தன. கடைசித் தொட்டி வரைக்கும் அந்தத் தூள் கொஞ்சம் வந்திருந்தது.

மாப்பிள்ளை பக்கத்தில் வந்து குந்தினார். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டார். அவள் சந்தோஷத்தில் இருந்தாள், அதனால் யோசிக்காமல் சொன்னாள். அடி பச்சையாக இருப்பதுதான் நமக்கு வேண்டியது, அடி சிவந்தது எல்லாம் ஒதுக்க வேண்டியது. அவர் ஒரு நாற்றை விரலால் சாய்த்துப் பார்த்தார். இன்னொன்றைப் பார்த்தார். பஸ்ஸில் சில்லறை குறைந்தால் மொத்தப் பயணத்தையும் மனசுக்குள் திருப்பி ஓட்டுகிற ஆள் அவர்.

"வெள்ளைக்கும் பச்சைக்கும் பொறந்ததுல சிவப்பு எப்படி வரும் அண்ணி?"

அவள் ஊசியைக் கீழே வைத்தாள்.

"நான் சிவப்புல போட்டுட்டு அதே பிரஷோட வெள்ளைக்கு வந்தேன்," என்றார் அவரே. "ஒரு டிக்கெட் கூட சரியா கிழிக்கல."

"விடுங்க மாப்ள. அதான் கொஞ்சம் வந்திருக்கே."

"அன்னிக்கே தெரியுமா உங்களுக்கு?"

அவள் நாற்றின் அடியில் விலக்கிய மண்ணை விரலால் மூடினாள்.

"ஏன் அன்னிக்கே சொல்லல?"

"சொல்ற தெம்பு இல்ல," என்றாள். உண்மையைத்தான் சொன்னாள். ஆனால் அது அவர் காதில் வேறு மாதிரி விழுந்தது. இத்தனை நாள் ஒரு சின்னப் பிள்ளையை விளையாட விட்டது போலத் தன்னை விட்டிருக்கிறார்கள் என்று விழுந்தது. சுவரைப் பிடித்து எழுந்து, இறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் கீழே டிவி ஓடும் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு அவர் மாடி ஏறவில்லை. "சாப்பிட்டீங்களா மாப்ள", "ஆச்சு அண்ணி". காலில் பட்டை சுற்றுவதையும் விட்டுவிட்டார் என்று தங்கை சொன்னாள். சமையலறையில் அக்காவை ஓரம்கட்டிக் கேட்டாள்.

"என்னக்கா பண்ணுன அவரை?"

"ஒண்ணும் பண்ணல."

"அதான் தெரியுதே. திட்டியிருந்தா கூட ரெண்டு நாள்ல சரியாயிருப்பாரு. நீ திட்டவும் மாட்ட, வாயத் தொறந்து கேக்கவும் மாட்ட. எல்லாத்தையும் நீயே தூக்கிச் சுமந்துட்டு, நாங்க எல்லாம் கையக் கட்டிட்டு நிக்கணும்." பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். "பில் போடறவ வாய் நீளம்தான். ஆனா சொல்லிடுவேன்."

லேபில் அடுத்த மொத்த வேலை வந்தது. மெழுகக்கா விடியலில் ஒரு குவளை தண்ணீர் தெளித்துவிட்டுப் போவாள், இருட்டிய பிறகு வருவாள். நாற்றுத் தட்டு ஆழமில்லாதது, ஒரு மதிய வெயில் போதும். வெயில் ஏறியதும் தட்டை நிழலுக்கு நகர்த்துவதெல்லாம் இதுவரை யார் செய்தார்கள் என்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை. அந்த வாரம் ஒரு நாள் மின்சாரம் போய் லேபைச் சீக்கிரம் மூடிவிட்டார்கள். பகல் வெளிச்சத்தில் மாடிக்குப் போனாள். தட்டின் மண் ஓரம் விட்டுச் சுருங்கி, பாளம் பாளமாக வெடித்திருந்தது. சிவந்த அடி நாற்றுகள் தளர்ந்து கிடந்தன, தண்ணீர் கண்டால் எழுந்துவிடும். பச்சை அடி நாற்றுகளுக்கு அவள் பக்கத்தில் தீக்குச்சி நட்டு அடையாளம் வைத்திருந்தாள். அவை ஓரத்தில் இருந்தவை, வெயில் முதலில் தின்பது ஓரத்தைத்தான். நாலு தீக்குச்சிக்குப் பக்கத்தில் பழுப்பு நூல் மாதிரி ஏதோ கிடந்தது. விரலில் எடுத்தால் பொடிந்தது.

மிச்சமிருந்தவற்றுக்குத் தண்ணீர் தெளித்தாள். பிறகு கீழே இறங்கி, டிவிக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவே போய் நின்றாள். அந்த வீட்டில் அவள் அப்படி நின்றது அதுதான் முதல் தடவை.

"மாப்ள, எனக்கு முடியல."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"காலையில போறேன், வர்றப்ப இருட்டிடுது. தட்டு காய்ஞ்சு கிடக்கு. நாலு பச்சை செத்துப்போச்சு. நீங்க தப்பு பண்ணுனீங்க, நான் சரியா சொல்லாம விட்டேன், ரெண்டும் நடந்துபோச்சு. அது போகட்டும். எனக்கு இதை ஒருத்தியா தூக்க முடியல. முடியலன்னு யார்கிட்டயும் சொன்னதில்ல, உங்ககிட்ட சொல்றேன்."

சொல்லிவிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். டிவியில் யாரோ எதற்கோ கைதட்டினார்கள். மாப்பிள்ளை அதை அணைத்தார். மேஜையடியில் சுருட்டிக் கிடந்த துணிப்பட்டையை எடுத்துக் காலில் சுற்ற ஆரம்பித்தார். கணுக்காலிலிருந்து மேலே, சுற்றுக்குச் சுற்று பாதி ஏறும்படி, அவசரமே இல்லாமல்.

"எந்தெந்த தீக்குச்சி?" என்று கேட்டார்.

"நான் காட்டறேன்."

"நீங்க உக்காருங்க. சொன்னா போதும். இந்தத் தடவை எல்லாத்தையும் சொல்லுங்க, எனக்குத் தெரியும்னு எதையும் விட்டுடாதீங்க."

சொன்னாள். பச்சை எதுவெல்லாம், எவ்வளவு தண்ணீர், எப்போது நிழல், எறும்பு வந்தால் என்ன செய்வது, சிவந்ததைப் பிடுங்கும்போது பக்கத்து வேர் அறாமல் எப்படிப் பிடுங்குவது. அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். பிறகு படியேறும் சத்தம், நடுவில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கும் சத்தம், மேலே தட்டு நகரும் சத்தம். மெழுகக்கா நாற்காலியிலேயே தூங்கிப்போனாள்.

எழுந்தபோது தங்கை வந்திருந்தாள். இருவரும் மாடிக்குப் போனார்கள். பிழைத்த பச்சை நாற்றுகள் ஐந்து. ஐந்தும் தனித்தனிச் சின்னத் தொட்டியில், வெள்ளைக்குப் பக்கத்தில், நிழலில் இருந்தன. சிவந்ததைப் பிடுங்கத்தான் சொல்லியிருந்தாள். மாப்பிள்ளை பிடுங்கியிருந்தார். ஆனால் எறியவில்லை. எதிர்ச் சுவரோரம், உடைந்த வாளி, எண்ணெய் டின், தண்ணீர் பாட்டிலின் பாதி என்று கிடைத்ததிலெல்லாம் மண் போட்டு நெருக்கியடித்து நட்டு வைத்திருந்தார். ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு நின்றன.

"இதெல்லாம் எதுக்குங்க?" என்றாள் தங்கை. "வேணாம்னு சொன்னதுதானே இது?"

"வேணாம்னாலும் ஏறிட்டாங்கல்ல," என்றார் அவர். "உக்கார இடமில்ல, அவ்வளவுதான். இவங்க ஸ்டாண்டிங்கு."

தங்கை அக்காவைப் பார்த்தாள். மெழுகக்கா அந்த ஐந்து தொட்டிகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு வருடம். அதற்குள் அவள் லேபை விட்டிருப்பாள், கண் எப்படியிருக்குமோ தெரியாது. அந்த ஐந்தில் ஒன்றுக்காவது வெள்ளையின் மணம் வருமா, அதுவும் தெரியாது. என்ஜின் அண்ணனிடம் சொன்னால் திட்டுவார், திட்டிவிட்டு, ஐந்து என்று சொன்னாயா என்று இன்னொரு தடவை கேட்பார். ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொல்ல வேண்டும்.

மாப்பிள்ளை குவளையை எடுத்தார். முதலில் அந்த ஐந்து தொட்டிக்கு வந்து, சொன்ன அளவு ஊற்றினார். பிறகு எதிர்ச் சுவரின் தொடக்கத்துக்குப் போய், கொஞ்சம் கொஞ்சமாக, ஒருவரையும் விடாமல், வரிசையாக வர ஆரம்பித்தார்.